காம்பவுண்டுக்கு வெளியே நிற்கும் பஸ் ஸ்டாண்ட்

கேள்வி: "என் தம்பி வெளிநாட்டில் படிக்கிறான். அவன் யுனிவர்சிட்டிக்குள்ளேயே பெரிய பஸ் டெர்மினஸ் இருக்கிறதாம். நகரத்தின் பாதி பஸ் அங்கேதான் வந்து திரும்புமாம். சென்னையில் ஏன் எந்தப் பல்கலைக்கழகத்துக்குள்ளும் அப்படி ஒன்றைப் பார்க்க முடியவில்லை? கட்டினால் எப்படிக் கட்ட வேண்டும்?"

நகரப் பேருந்தில் ட்ராஃபிக் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவன் நான். பெரும்பாலான வருஷங்கள் டைம் ஷெட்யூல் போடும் மேசையில் போயின. அதனால் என் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வண்டி ராத்திரி தங்கி, கழுவி, டீசல் போட்டு, ரிப்பேர் பார்த்துக்கொள்ளும் இடம் டிப்போ. ஒரு நடை முடிந்து அடுத்த நடை கிளம்பும் இடம் டெர்மினஸ். அங்கே டைம் கீப்பர் உட்கார்ந்திருப்பார், டிரைவரும் கண்டக்டரும் டீ குடிப்பார்கள், வண்டி போர்டு மாறும். ஆட்கள் ஏறி இறங்குவது ஸ்டாப்பிங். நம் ஊரில் மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிட்டது. "அடையாறு டிப்போ எறங்கு" என்று கண்டக்டர் கூவும்போது அவர் சொல்வது டிப்போவை இல்லை, அதன் வாசலில் இருக்கும் ஸ்டாப்பிங்கை. தம்பி சொல்வது டெர்மினஸ். சென்னையின் பழைய பெரிய வளாகங்களில் நகரப் பேருந்து காம்பவுண்டு சுவருக்கு வெளியே, ஸ்டாப்பிங்காகத்தான் நிற்கிறது. காரணம், ஒவ்வொரு வளாகமும் எப்போது, யாருக்காக உருவானது என்பதில் இருக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1857இல் தொடங்கியது. தொடங்கியபோது அது பாடம் நடத்தும் இடமே இல்லை. கல்லூரிகளுக்குப் பரீட்சை வைத்துப் பட்டம் கொடுக்கும் இடம். சேப்பாக்கத்தில் கட்டடக்கலைஞர் சிஷோம் கட்டிய செனட் ஹவுஸ் 1879இல் முடிந்தது. அதற்குள் மாணவன் வருஷத்தில் சில நாட்கள் வந்தால் அதிகம். தினமும் வருகிற கூட்டம் இல்லாத இடத்தில் வண்டி நிறுத்த இடம் ஒதுக்க யாருக்குத் தோன்றும்? படிக்கிற பையன்கள் மாநிலக் கல்லூரியிலும், பச்சையப்பனிலும், கோட்டைக்குப் பக்கத்தில் கிறித்துவக் கல்லூரியிலும் சிதறி இருந்தார்கள். அவர்களுக்கு 1895 மே மாதம் ஓட ஆரம்பித்த டிராம் இருந்தது. மவுண்ட் ரோடு வழியாக அது 1953 ஏப்ரல் வரை ஓடியது. பல்கலைக்கழகம் தானே பாடம் நடத்தத் துறைகளை ஏற்படுத்திக்கொண்டது 20ஆம் நூற்றாண்டில்தான். அதற்குள் ஒரு பக்கம் கடற்கரைச் சாலை, பின்பக்கம் பக்கிங்காம் கால்வாய், பக்கத்தில் மாநிலக் கல்லூரி என்று இடம் இறுகிப்போயிற்று.

ஆனாலும் அந்த வளாகத்துக்கு ஒரு டெர்மினஸ் கிடைத்தது, வேறொருவர் பெயரில். 1969இல் அண்ணா மறைந்து மெரினாவில் அடக்கம் செய்யப்பட்ட பிறகு, கடற்கரையின் அந்த முனை அண்ணா சதுக்கம் ஆனது. பூந்தமல்லிக்கு 25ஜி, கோயம்பேட்டுக்கு 27பி, ஆவடிப் பக்கம் 40ஏ என்று வண்டிகள் அங்கிருந்து கிளம்பின. கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி கடற்கரைக்கு வருகிற கூட்டம் சாயங்காலம் இறங்கும். காலையில் அதே வண்டியில் வருவது பல்கலைக்கழகமும் மாநிலக் கல்லூரியும் சார்ந்த கூட்டம். ஒரே இடத்துக்கு இரண்டு வேளையில் இரண்டு உச்சம் கிடைப்பது ஷெட்யூல் போடுகிறவனுக்கு லாட்டரி மாதிரி. கடல் காற்றில் எதுவும் துருப்பிடிக்கும் என்பதைத் தவிர அந்த இடத்தில் எனக்குக் குறையே இல்லை. பின்னால் 1995இல் பறக்கும் ரயில் சேப்பாக்கம் வரை வந்தது.

கிண்டி வேறு கதை. 1794இல் சர்வே பள்ளியாக ஆரம்பித்த பொறியியல் கல்லூரி, சேப்பாக்கத்திலிருந்து 1920இல் கிண்டிக்குப் போனது. அப்போது கிண்டி என்றால் ஊருக்கு வெளியே. மாணவர்கள் ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும். ஹாஸ்டலுக்கும் வகுப்புக்கும் நடுவில் நடக்கிற தூரம், ஊருக்குப் போக ரயில். கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் 1931இல் வந்தபின் புதிதாகப் போன கல்லூரிகளைப் பாருங்கள்: கிறித்துவக் கல்லூரி 1937இல் தாம்பரம் போனது, எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) 1949இல் குரோம்பேட்டையில் ஆரம்பித்தது. இரண்டும் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் இடம் பார்த்தன. அந்தக் காலத்துக் கணக்கில் வளாகத்தின் டெர்மினஸ் ரயில் நிலையம். பஸ் அந்தப் படத்திலேயே இல்லை.

கிண்டிக் கல்லூரியும், ஏ.சி. டெக் என்கிற அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியும், எம்.ஐ.டி.யும், கட்டடக்கலைப் பள்ளியும் சேர்ந்து 1978இல் அண்ணா பல்கலைக்கழகம் ஆனபோது நிலைமை மாறியிருந்தது. ஹாஸ்டல் பையன்களோடு வீட்டிலிருந்து வந்துபோகும் பையன்களும் பெண்களும் பெருகினார்கள். சர்தார் பட்டேல் ரோட்டில் அந்த வாசலுக்கு எதிரே காலை எட்டு மணிக்கு நின்று பார்த்திருக்கிறீர்களா? சைதாப்பேட்டைப் பக்கமிருந்து வரும் வண்டி நிற்கும் முன்பே முன்படியிலிருந்து நாலு பேர் குதிப்பார்கள். டிராஃப்டர் (படம் வரையும் நீளக் கருவி) வைத்திருப்பவன் அதை வாள் மாதிரி தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவான். இல்லாவிட்டால் பின்னால் வருகிறவன் விலாவில் குத்தும். ஒரு வண்டியில் முப்பது பேர் இறங்க ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷமும் பின்னால் இரண்டு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும். வளாகத்துக்குள் ஒரு வளையம் போட்டு வண்டியை உள்ளே விட்டால் என்ன என்று வாசலில் நிற்கும் எல்லோருக்கும் தோன்றும்.

எங்கள் மேசையில் அது தோன்றாது. ஏன் என்று சொல்கிறேன். அந்த வழியாகப் போகும் வண்டி எல்லாமே வேறு எங்கோ போகிற வண்டி: அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர். 23சி அயனாவரத்திலிருந்து பெசன்ட் நகர் போகிறது. அதில் பல்கலைக்கழகத்துக்கு இருபது பேர், மீதி ஐம்பது பேர் வேறிடத்துக்கு. இருபது பேருக்காக வண்டியை உள்ளே விட்டு, வேகத்தடை மேல் ஊர்ந்து, சுற்றி வெளியே கொண்டுவர ஆறு நிமிஷம். அந்த ஐம்பது பேரும் ஆளுக்கு ஆறு நிமிஷம் இழக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஆறேழு நடை ஓடும் வண்டிக்கு, நடைக்கு ஆறு நிமிஷம் போனால் கடைசியில் ஒரு நடையில் பாதி போய்விடும். வெளிநாட்டு வளாகங்களில் டெர்மினஸ் இருப்பதற்குக் காரணமே, அந்த வளாகம் நகரத்தின் ஓரத்தில், ரோடு முடியும் இடத்தில் இருப்பதுதான். வண்டி அங்கே எப்படியும் திரும்பியாக வேண்டும். நம் வளாகங்கள் ரோட்டின் நடுவில் மாட்டிக்கொண்டவை.

அதே ரோட்டில் கொஞ்சம் தள்ளி ஐ.ஐ.டி. உங்கள் கேள்விக்குச் சென்னையில் மிக நெருக்கமான பதில் அங்கேதான் இருக்கிறது. மேற்கு ஜெர்மனி உதவியுடன் 1959இல் ஆரம்பித்தது. கிண்டிக் காட்டிலிருந்து வெட்டிக் கொடுத்த சுமார் 250 ஹெக்டேர். இன்றைக்கும் புள்ளிமான் ரோட்டைக் கடக்கும். மெயின் கேட்டுக்குள் நுழைந்தால் பான் அவென்யூ, டெல்லி அவென்யூ என்று இரண்டு இணை ரோடுகள். ஒன்று அன்றைய மேற்கு ஜெர்மனியின் தலைநகரம், ஒன்று நம் தலைநகரம். பேராசிரியர் குடியிருப்பு வழியாகப் போய், நிர்வாகக் கட்டடத்துக்குப் பக்கத்தில் யானைச் சிலைகள் நிற்கும் கஜேந்திரா சர்க்கிளில் இரண்டும் சேரும். அதைத் தாண்டி வகுப்பறைப் பகுதி, அதற்கும் அப்பால் ஹாஸ்டல்கள். அந்தக் கோடியிலிருந்து மெயின் கேட்டுக்கு வெயிலில் நடந்து வந்தவருக்குத் தெரியும், ஏன் உள்ளே தனி பஸ் ஓடுகிறது என்று. மாணவர்கள் மோட்டார் வண்டி வைத்துக்கொள்ளக் கூடாது. சைக்கிள் அல்லது உள் பஸ்.

ஹாஸ்டல்களுக்கு நதிப் பெயர்: கங்கா, யமுனா, காவேரி, நர்மதா. உள்ளே ஓடும் பஸ்களுக்கு மலைப் பெயர். அதனால் "மலை நகரும், நதி நிற்கும்" என்று அங்கே ஒரு பழைய பேச்சு உண்டு.

அமைப்பைப் பாருங்கள், அழகு அங்கேதான். நகரப் பேருந்து உள்ளே போவதில்லை. உள் பஸ் வெளியே வருவதில்லை. இரண்டும் மெயின் கேட்டில் முதுகோடு முதுகு உரசிக்கொள்கின்றன. டெர்மினஸ் என்று ஒரு கட்டடம் கிடையாது. கேட்டுக்கு வெளியே பாதி, கேட்டுக்கு உள்ளே பாதி, நடுவில் செக்யூரிட்டி. காட்டுக்குள் டீசல் வண்டிகளை வரிசையாக நிறுத்தாமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது. குறை என்று சொன்னால், அடைமழையில் வெளி ஸ்டாப்பிங்கிலிருந்து உள் ஸ்டாப்பிங் வரை நனைந்துகொண்டே ஓட வேண்டும்.

உள் பஸ்ஸுக்குக் கணக்கு எளிது. ஒரு சுற்று 5 கிலோமீட்டர் என்று வையுங்கள். மானும் வேகத்தடையும் இருக்கிற ரோட்டில் சராசரி 15 கிலோமீட்டர் வேகம் என்றால் ஓட்டம் 20 நிமிஷம். இரண்டு கோடியிலும் சேர்த்து மூச்சு வாங்க 4 நிமிஷம். ஆகச் சுற்று 24 நிமிஷம். நாலு வண்டி விட்டால் ஆறு நிமிஷத்துக்கு ஒன்று. ஒரு வண்டி ரிப்பேரானால் எட்டு நிமிஷம். இதில் யாரும் கவனிக்காதது அந்த 4 நிமிஷத்தைத்தான். "சும்மா நிக்குது, எடுத்து விடுங்க" என்பார்கள். அதை எடுத்துவிட்டால் மத்தியானத்துக்குள் நாலு வண்டியும் ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வரும். அப்புறம் இருபது நிமிஷம் ஒன்றும் வராது.

தரமணியைப் பற்றி ஒரு வரி. பாலிடெக்னிக், பல்கலைக்கழகத்தின் மருத்துவ மேற்படிப்பு வளாகம், கணித விஞ்ஞான நிறுவனம், திரைப்படக் கல்லூரி எல்லாம் கைகோத்து நிற்கும் பகுதி அது. பாரிமுனையிலிருந்து 5சி அங்கே வந்து திரும்பியது. கல்வி நிலையங்களுக்காகவே ஒரு தடம் போய் முடிந்தது என்றால் அதுதான் நினைவுக்கு வருகிறது.

இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் போனால் சென்னை வரலாறு முழுமையாகாது. வளாகத்துக்குள் டெர்மினஸ் இல்லாததால் பஸ்ஸே வளாகம் ஆகிவிட்டது. 1972இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் வந்ததிலிருந்து, பாஸ் வைத்திருக்கும் மாணவன் தன் தடத்தைச் சொந்த ஊர் மாதிரி பார்த்தான். ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு "ரூட் தல", அதாவது அந்தத் தடத்து மாணவர்களின் தலைவன். வருஷத்துக்கு ஒரு நாள் பஸ் டே: வண்டிக்கு மாலை, வாழைமரம், டிரைவருக்கும் கண்டக்டருக்கும் மரியாதை. ஆரம்பத்தில் அது உண்மையிலேயே பாசம்தான். மாலை போட்டுக்கொண்டு கூச்சத்தில் நெளிந்த டிரைவர்களைப் பார்த்திருக்கிறேன். பிறகு கூரை மேல் ஏறுவது, தடத்துக்குத் தடம் அடிதடி, பட்டாக்கத்தி என்று கெட்டுப்போய், 2011இல் உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2019 ஜூனில் ஓடும் பஸ்ஸின் கூரையிலிருந்து பையன்கள் கொத்தாகச் சரிந்து விழுந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏறுகிற இடம் ரோட்டோரமாக, யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் இருந்தது அதற்கு ஒரு காரணம் என்பது என் கருத்து. டைம் கீப்பர் ஒருவர் இருந்தால் பாதி சேட்டை அடங்கும். அவருக்குப் பையன்கள் பெயரும், அவர்கள் அப்பா பெயரும் தெரிந்திருக்கும்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் ஆனபின் வாசல் ஸ்டாப்பிங்குகளின் குணமே மாறிவிட்டது. மாணவிகள் டீலக்ஸை விட்டுவிட்டு முகப்பில் பிங்க் அடித்த வண்டிக்காக நிற்கிறார்கள். நிற்கும் நேரம் கூடியிருக்கிறது, ஆனால் நிழற்குடை அதே பழைய அளவு.

சரி, நிஜமாகவே வளாகத்துக்குள் இருக்கும் பஸ் நிலையம் சென்னையில் எங்கே? தனியார் கல்லூரிகளில். 1980களின் நடுவில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வந்தபோது, நிலம் மலிவாகக் கிடைத்த இடங்களில்தான் வந்தன: பழைய மகாபலிபுரம் சாலை, ஸ்ரீபெரும்புதூர், திருவள்ளூர்ப் பக்கம். அங்கே ரயிலும் தூரம், நகரப் பேருந்தும் குறைவு. ஆகவே ஒவ்வொரு கல்லூரியும் தானே ஒரு போக்குவரத்துக் கழகமாக மாறிற்று. விடிகாலை ஐந்தரைக்கு திருவொற்றியூரில் ஒரு பையன் ஏறுவான், எட்டு மணிக்குக் கல்லூரியில் கண் விழிப்பான். ஐம்பது மஞ்சள் வண்டிகள் ஒரு மைதானத்தில் நிற்கும். கண்ணாடியில் "ரூட் 17 – கொளத்தூர்" என்று அட்டை. தம்பி சொல்லும் டெர்மினஸுக்கு நிகர் நம் ஊரில் இதுதான், கட்டடமும் பெயர்ப்பலகையும் இல்லாமல்.

இந்த மைதானத்துக்கும் நகர டெர்மினஸுக்கும் ஒரு பெரிய வித்தியாசம். நகரத்தில் வண்டி வந்து பத்து நிமிஷத்தில் போய்விடும். ஐந்து மேடை இருந்தால் ஒரு மணி நேரத்தில் முப்பது வண்டியைக் கையாளலாம். கல்லூரியில் ஐம்பது வண்டியும் காலையில் வந்து, நாள் முழுக்க நின்று, சாயங்காலம் ஒரே மணியடிப்பில் கிளம்பும். ஆக வண்டிக்கு ஒரு இடம் வேண்டும். 12 மீட்டர் நீளம், 2.6 மீட்டர் அகலம், இரண்டு பக்கமும் கதவு திறக்க, ஆள் நடக்க இடம். அதைவிடப் பெரிய செலவு திரும்புவதற்கு: ஒரு முழு நீள பஸ் வட்டமடிக்க ஏறத்தாழ 25 மீட்டர் அகலம் கேட்கும். எல்லாம் சேர்த்து வண்டிக்குச் சராசரி 100 சதுர மீட்டர் என்று போட்டால், ஐம்பது வண்டிக்கு ஒன்றேகால் ஏக்கர். இதைச் சொன்னால் நிர்வாகத்துக்கு மயக்கம் வரும், ஏனென்றால் அவர்கள் மனதில் இருப்பது ஒரு வாலிபால் கோர்ட்.

கட்டினால் எப்படி என்று கேட்டீர்களே, அதற்கு என் அனுபவம் ஒன்று. ஓய்வுபெற்ற மறு வருஷம் ஒரு கல்லூரி கூப்பிட்டது, பெயர் வேண்டாம். நாற்பத்திரண்டு வண்டிகள். நாலு பத்துக்கு மணி அடித்தால் கடைசி வண்டி வெளியேற நாலு நாற்பத்தைந்து ஆகும். ஒரு மாணவியின் காலில் சக்கரம் உரசியிருந்தது. நல்ல வேளை, ஷூ மட்டும் போனது. கேட்டை அகலப்படுத்த எஸ்டிமேட் போட்டு வைத்திருந்தார்கள்.

முதல் நாள் நான் எதுவும் பேசவில்லை. கேன்டீன் வாசல் திண்ணையில் உட்கார்ந்து மூன்று ஐம்பதிலிருந்து பார்த்தேன். வண்டிகள் சுவரைப் பார்த்து மூக்கை முட்டிக்கொண்டு நின்றன. மணி அடித்ததும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வண்டிகளுக்குப் பின்பக்கமாக, அதாவது ரிவர்ஸ் வரப்போகிற இடத்தின் வழியாக, தங்கள் ரூட் நம்பரைத் தேடி ஓடினார்கள். நம்பர் அட்டையோ முன் கண்ணாடியில், சுவரைப் பார்த்து! எந்த வண்டி எதுவென்று தெரிய இரண்டு வண்டிக்கு நடுவில் நுழைந்து முன்னால் போய் எட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கிளீனரும் பின்னால் நின்று வண்டியைத் தட்டித் தட்டி "வா, வா, வா... ஹோல்டான்" என்று கத்த, நாற்பத்திரண்டு ரிவர்ஸ். கேட்டில் ஒரு குறையும் இல்லை. வாட்ச் வைத்துப் பார்த்தேன்: வெளியே ரோட்டில் சேர ஒரு வண்டிக்குப் பன்னிரண்டு விநாடிதான் ஆனது. மீதி நேரம் கேட் காலியாகக் கிடந்தது.

எங்கள் ஆட்கள் பழமொழி மாதிரி சொல்வது: ரிவர்ஸைக் காலையில் எடு. காலையில் மைதானம் காலி. பிள்ளைகள் இறங்கிப் போய்விட்டார்கள். அப்போது பின்னால் போய், சாய்வாக, மூக்கு கேட்டைப் பார்க்க நிறுத்திவிட்டால், சாயங்காலம் நேராக எடுத்துக்கொண்டு போகலாம். பிள்ளைகளுக்கு நடைபாதை சுவர் ஓரமாக, வண்டிகளின் வாலுக்குப் பின்னால். வண்டி பின்னால் வராது என்பதால் அங்கே பயமில்லை. நம்பரை பின் கண்ணாடியிலும் ஒட்ட வேண்டும். தூரம் போகும் வண்டிகள் கேட்டுக்குப் பக்கத்தில். சுவரோரம் மழைநீர் வாய்க்கால். ஐப்பசி கார்த்திகையில் முட்டளவு தண்ணீர் நின்றால் பிள்ளைகள் மறுபடி வண்டிப் பாதைக்குத்தான் வருவார்கள்.

தாளில் வரைந்து கொடுத்தேன். நிர்வாகி பார்த்துவிட்டு, "சார், கோடு அடிச்சா பார்க்க நல்லா இருக்காது, இதுதான் நம்ம ஃப்ரன்ட் எலிவேஷன்" என்றார். ஆறு மாதம் பேச்சே இல்லை. என் ஃபீஸும் வரவில்லை. பிறகு அந்த மழைக்காலத்தில் ஒரு வண்டி ரிவர்ஸில் தலைவர் காரை இடித்துவிட்டது. மறுநாள் காலையே போன் வந்தது.

பெயிண்ட் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். டிரைவர்களில் மூத்தவர் ஒருவர் கேன்டீனிலிருந்து கோலமாவு வாங்கி வந்து, "அண்ணே, நீங்க நில்லுங்க, நான் போடறேன்" என்று குனிந்து சாய்வுக் கோடு இழுக்க ஆரம்பித்தார். நாற்பத்திரண்டு கட்டம் போட ஒன்றரை மணி நேரம் ஆனது. அன்று சாயங்காலம் நாலு பத்துக்கு மணி அடித்து, பிள்ளைகள் ஏற ஆறு நிமிஷம் விட்டு விசில் ஊதினேன். நாலு இருபத்தைந்துக்குக் கொளத்தூர் வண்டி கடைசியாக வெளியே போனது. கோலமாவை எறும்பு தின்னாமல் இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் பெயிண்ட் வந்துவிட்டது.